பேராசிரியர் நாற்காலிக்கு வெளியே: ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து கோபன்ஹேகன் வரை

திங்கள், ஃப்ராங்க்ஃபர்ட்

பையை விடுதியில் போட்டுவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன். யு5 ரயில் ஹாப்ட்ஃப்ரீட்ஹோஃப் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. உள்ளே போய் விசாரித்துத் தேடினால், தரையோடு தரையாக ஒரு கருங்கல் பலகை. அதில் தத்துவவாதி ‘ஆர்தர் ஷோப்பன்ஹவர்’ பெயர் மட்டும். பிறந்த ஆண்டும் இல்லை, இறந்த ஆண்டும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார்.

இந்தப் பயணத்தை இங்கே தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தத்துவம் என்றால் பாடநூல்களில் கருத்துமுதல்வாதம் (மனமே அடிப்படை), பொருள்முதல்வாதம் (பொருளே அடிப்படை), அவநம்பிக்கைவாதம், இருத்தலியலின் (தனி மனிதனின் வாழ்வையும் தேர்வையும் மையமாக்கும் சிந்தனையின்) தொடக்கம் என்று தனித்தனித் தலைப்புகளாக வரும். ஆட்களையும் ஊர்களையும் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வீட்டுச் சண்டை. நடுவில் ஹெகல் என்ற பேராசிரியர். அவரைச் சுற்றி, அவர் நின்ற மேடையிலிருந்து விலகியவர்களும் விலக்கப்பட்டவர்களும். அந்த மேடைக்கு வெளியே இருந்து எழுதியவர்களின் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

ஷோப்பன்ஹவர் 1788இல் டான்சிக் நகரில் வணிகர் வீட்டில் பிறந்தவர். முப்பது வயதில் ‘இச்சையும் கருத்துருவுமாக உலகம்’ நூலை முடித்துவிட்டார். நாம் காணும் உலகம் நம் மனம் வரைந்து காட்டும் தோற்றம்; அதன் அடியில் இருப்பது குருட்டுத்தனமாக உந்திக்கொண்டே இருக்கும் ஓர் இச்சை; அதற்கு நிறைவு என்பதே இல்லை, ஆகவே வாழ்க்கை துன்பம்தான். இதுதான் சாரம். நூல் விற்கவில்லை. 1820இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடத்த அனுமதி வாங்கி, ஹெகல் பாடம் நடத்தும் அதே நேரத்தைத் தன் வகுப்புக்கும் கேட்டு வாங்கினார். ஹெகலின் அரங்கம் நிரம்பியது. இவருடைய வகுப்புக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்கள். அத்தோடு அவருடைய பல்கலைக்கழக வாழ்க்கை முடிந்தது.

1831இல் பெர்லினுக்குக் காலரா வந்தது. ஷோப்பன்ஹவர் ஊரைவிட்டு வெளியேறினார். ஹெகல் அந்த நவம்பரில் இறந்தார். 1833 முதல் 1860இல் தன் மரணம் வரை ஷோப்பன்ஹவர் இந்த ஊரில்தான், அப்பா விட்டுப்போன பணத்தில் வாழ்ந்தார். காலையில் எழுத்து, அப்புறம் புல்லாங்குழல், உணவகத்தில் சாப்பாடு, மாலையில் நாயோடு நீண்ட நடை. அந்த நாய்க்கு அவர் வைத்த பெயர் ‘ஆத்மா’.

அந்தப் பெயரின் பின்னால் ஒரு நெடும் பயணம் இருக்கிறது. 1657இல் முகலாய இளவரசர் தாரா ஷுகோ ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்குவித்தார். 1755இல் புதுச்சேரியில் வந்திறங்கிய ஆங்கெடில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு இளைஞர் பல வருடம் இந்தியாவில் அலைந்து, பிற்காலத்தில் அந்தப் பாரசீக நூலை லத்தீனில் பெயர்த்தார். 1801, 1802இல் அது இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஷோப்பன்ஹவர் தன் மேசையில் எப்போதும் வைத்திருந்தது அதைத்தான். ‘என் வாழ்வுக்கு அது ஆறுதலாக இருந்தது, என் சாவுக்கும் அதுவே ஆறுதலாக இருக்கும்’ என்று எழுதினார். சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகம், அங்கிருந்து லத்தீன் என்று இரண்டு மொழி கடந்து வந்த ஒரு நூல், ஜெர்மன் தத்துவத்தின் போக்கையே தொட்டுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மாலையில் மைன் ஆற்றங்கரையில் ஷோனே ஆவுஸ்சிக்ட் தெருவுக்குப் போனேன். அவர் வாழ்ந்த வீடு இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. 1848 செப்டம்பர் கலவரத்தில், கிளர்ச்சிக்காரர்களைச் சுடுவதற்காகப் வந்த படைவீரர்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் இவர். குறிபார்க்க வசதியாகத் தன் நாடகக் கண்ணாடியையும் கொடுத்தார். பெண்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதும் வெறுப்புதான். எல்லா உயிரின் துன்பமும் ஒன்றே, கருணைதான் அறத்தின் அடித்தளம் என்று எழுதிய அதே கை இதையும் செய்தது. அவருடைய உரைநடையின் தெளிவை நான் மிகவும் நேசிக்கிறேன். அதற்காக இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

செவ்வாய், ஜெனா

எர்ஃபுர்ட் வரை வேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில். ஜெனா வெஸ்ட் நிலையத்தில் அக்கா மகன் காத்திருந்தான். இங்கே ஒளியியல் படிக்கிறான். கார்ல் ஸைஸ் 1846இல் பட்டறை தொடங்கிய ஊர் என்பதால் உலகம் முழுவதிலிருந்தும் லென்ஸ் படிக்க இங்கே வருகிறார்கள். “நீங்க மட்டும்தான் மாமா இங்க தத்துவம் பார்க்க வந்திருக்கீங்க” என்றான்.

சின்ன ஊர். மலைகளுக்கு நடுவே, ஸாலே ஆற்றங்கரையில். 1790களில் ஐரோப்பாவின் மிகத் துணிச்சலான சிந்தனை இங்கேதான் நடந்தது என்பதை நம்புவது கடினம். கவிஞர் ஷில்லர் 1789இல் இங்கே பாடம் சொல்ல வந்தார். 1794இல் தத்துவவாதி ஃபிக்டே வந்தார். வெளியே இருக்கும் பொருள்களிலிருந்து தொடங்காமல், செயல்படும் ‘நான்’ என்பதிலிருந்து எல்லாவற்றையும் விளக்க முடியும் என்றார். ஏழை நெசவாளர் மகன். மாணவர்கள் மொய்த்தார்கள். 1798இல் ஷெல்லிங் என்ற இன்னொரு தத்துவவாதி வந்தபோது அவருக்கு வயது 23. ரொமான்டிக் எழுத்தாளர்களான ஷ்லேகல் சகோதரர்கள் இருந்தார்கள், அவர்களில் மூத்தவரின் மனைவி கரோலினே இருந்தார். ஃபிக்டே குடியிருந்த வீடு சந்தைக்கு அருகில் இன்னும் நிற்கிறது. இப்போது அது ரொமான்டிக் இலக்கியத்துக்கான அருங்காட்சியகம்.

அடுத்த ஆண்டே முதல் வெளியேற்றம். ஃபிக்டே கடவுளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையை நாத்திகம் என்றார்கள். உலகத்தின் அற ஒழுங்குதான் கடவுள், அதற்கு மேல் தனியாக ஒரு ஆள் தேவையில்லை என்பது அவர் வாதம். அரசுகள் புகார் செய்தன. 1799இல் அவர் பதவி போனது. ஜெனாவை ஆண்ட வைமார் ஆட்சியில் கவிஞர் கோத்தே அமைச்சராக இருந்தும் ஃபிக்டேயைக் காப்பாற்றவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற கோடு அங்கேயே கிழிக்கப்பட்டுவிட்டது. அடுத்த நூறு ஆண்டின் கதை பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

ஹெகல் 1801இல் வந்தார். சம்பளம் இல்லாத விரிவுரையாளர். மாணவர்கள் கொடுக்கும் கட்டணம்தான் வருமானம். 1806 அக்டோபர் 13 அன்று நெப்போலியன் படை ஊருக்குள் நுழைந்தது. ‘மனவெளிப்பாட்டியல்’ நூலின் கடைசிப் பக்கங்கள் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தன. அன்று நண்பர் நீட்ஹாமருக்கு எழுதிய கடிதத்தில், குதிரையில் ஏறி ஊரைவிட்டு வேவு பார்க்கப் போன பேரரசரைக் கண்டதாகச் சொல்கிறார். ‘இந்த உலக ஆன்மா’ என்று நெப்போலியனை அழைக்கிறார். மறுநாள் நடந்த போரில் பிரஷ்யா நொறுங்கியது.

அந்த நூலை ஒரு பத்தியில் சொல்ல முடியாது, ஆனால் முயல்கிறேன். உண்மை என்பது ஒரே தாவலில் கைக்கு வருவது அல்ல என்கிறார். மனித மனம் ஒரு நிலைப்பாட்டை எடுக்கிறது. அதை முழுமையாக வாழ்ந்து பார்க்கும்போது அதன் உள்ளிருந்தே முரண் கிளம்புகிறது. அந்த முரண் அடுத்த நிலைக்குத் தள்ளுகிறது. நூலில் ஆண்டான், அடிமை பற்றிய பகுதிதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்டான் தன்னை அங்கீகரிக்க ஓர் அடிமையை வைத்திருக்கிறான். தனக்குச் சமம் என்று தான் மதிக்காத ஒருவன் தரும் அங்கீகாரத்துக்கு என்ன மதிப்பு? அடிமையோ உழைக்கிறான், பொருளை உருவாக்குகிறான், அதில் தன்னையே காண்கிறான். விடுதலையின் வழி ஆண்டானிடம் இல்லை, உழைப்பவனிடம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மார்க்ஸைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1807 பிப்ரவரியில் ஹெகலுக்கு இந்த ஊரில் ஒரு மகன் பிறந்தான். லூட்விக். தாய், ஹெகல் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி. திருமணம் நடக்கவில்லை. பையன் பிற்காலத்தில் டச்சுக் குடியேற்றப் படையில் சேர்ந்து, 1831 ஆகஸ்டில் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தான். ஹெகல் நவம்பரில் இறக்கும்போது அந்தச் செய்தி அவருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அங்கீகாரம் பற்றி மனிதகுலம் எழுதிய மிக ஆழமான பக்கங்களில் சில, அந்தப் பையன் கருவில் இருந்த மாதங்களில் எழுதப்பட்டவை.

ஹெகல் அதன்பின் பாம்பெர்க்கில் பத்திரிகை ஆசிரியர், நூரெம்பெர்க்கில் பள்ளித் தலைமையாசிரியர். முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கும்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. ஆக, அந்தப் பெரிய பேராசிரியரே பாதி வாழ்க்கை வெளியில்தான் நின்றிருந்தார்.

ஜெனா பல்கலைக்கழகம் ஊருக்கு வராமலே பட்டம் பெற வழி வைத்திருந்தது. 1813இல் ஷோப்பன்ஹவரும் 1841 ஏப்ரலில் மார்க்ஸும் அப்படித்தான் டாக்டர் ஆனார்கள். மார்க்ஸின் ஆய்வு டெமாக்ரிடஸ், எபிகூரஸ் ஆகியோரின் இயற்கைத் தத்துவ வேறுபாடு பற்றியது. 1889 ஜனவரியில் இதே ஊரின் மனநல மருத்துவமனைக்குத் தத்துவவாதி நீட்சேயைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டுகளில் கணிதத் துறையில் ஃப்ரேகே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1879இல் அவர் வெளியிட்ட சிறு நூலிலிருந்துதான் நவீன தருக்கவியல் தொடங்குகிறது. அன்று அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

புதன், வைமார்

ஜெனாவிலிருந்து கால் மணி நேரம். ஊர் முழுக்க கோத்தேயும் ஷில்லரும். நான் ஹும்போல்ட் தெருவில் ஏறி, மேட்டில் இருக்கும் சில்பர்பிளிக் வீட்டுக்குப் போனேன். நீட்சே தன் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்த வீடு. 1900 ஆகஸ்ட் 25 அன்று இங்கேதான் இறந்தார்.

கீழ்த்தளத்தை அவர் இறந்த பிறகு கட்டடக் கலைஞர் ஹென்றி வான் டி வெல்டே அழகாக வடிவமைத்திருக்கிறார். அழகைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மாடியில் பேச்சிழந்து கிடந்த அண்ணனை, வருகிற பெரிய மனிதர்களுக்கு வெள்ளை அங்கி உடுத்திக் காட்டினார் தங்கை எலிசபெத். அவருடைய கணவர் ஃபோர்ஸ்டர் யூத வெறுப்பைத் தொழிலாகவே செய்தவர். இருவரும் பராகுவேயில் ‘தூய ஜெர்மானியர்’ குடியிருப்பு ஒன்றை அமைக்கப் போய்த் தோற்றார்கள். நீட்சே உடல்நலத்தோடு இருந்தபோதே அந்தத் திருமணத்தையும் அந்த அரசியலையும் கடுமையாக எதிர்த்தார். அதெல்லாம் எலிசபெத்துக்குத் தடையாக இல்லை. 1901இல் அண்ணன் விட்டுப்போன குறிப்புகளிலிருந்து 483 துண்டுகளைத் தானும் ஆட்களும் விரும்பியபடி அடுக்கி, ‘அதிகாரத்துக்கான இச்சை’ என்று நூலாக வெளியிட்டார். 1906இல் அது 1067 துண்டுகளாக வளர்ந்தது. 1935இல் அவர் இறந்தபோது சடங்குக்கு ஹிட்லரே வந்தார்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் கொல்லி, மொன்டினாரி என்ற இரண்டு இத்தாலியர்கள். 1961 முதல் மொன்டினாரி இந்த ஊரின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, நீட்சேயின் கையெழுத்துப் பிரதிகளைக் காலவரிசையில் வாசித்தெடுத்தார். ‘அதிகாரத்துக்கான இச்சை’ என்று நீட்சே எழுதி முடித்த நூலே கிடையாது என்பது அதன்பின் தெளிவானது. கிழக்கு ஜெர்மனியில் அன்று நீட்சே ஏறக்குறைய தடை செய்யப்பட்டவர். அந்தச் சூழலில் அவர்கள் காட்டிய பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

வியாழன், நவும்பர்க் – ரோக்கன்

அக்கா மகனுக்கு வகுப்பு இல்லை. இருவரும் ஸாலே ஆற்றை ஒட்டி ஓடும் ரயிலில் நவும்பர்க் வந்தோம். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். 1890 முதல் 1897 வரை நீட்சேயை அம்மா ஃபிரான்சிஸ்கா இந்த ஊரில்தான் வைத்துப் பார்த்துக்கொண்டார். வைன்கார்ட்டன் தெருவில் வீடு இன்னும் இருக்கிறது. மாடியில் ஒரு நீளமான வராந்தா. அந்த அம்மாவுக்கு மகனின் நூல்களில் உடன்பாடு இல்லை, போதகரின் மனைவி அவர். ஆனாலும் மகனைக் கைப்பிடித்துத் தினமும் நடக்க அழைத்துப் போனார், குளிப்பாட்டினார், தன் மரணம் வரை பார்த்துக்கொண்டார். வைமாரின் வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்ததால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு வைசன்ஃபெல்ஸ் வரை ரயில், அங்கிருந்து டாக்சியில் ரோக்கன். லூட்ஸன் பக்கத்தில் ஒரு குக்கிராமம். பழைய கல் தேவாலயம், பக்கத்தில் போதகர் வீடு. 1844 அக்டோபர் 15 அன்று நீட்சே இங்கேதான் பிறந்தார். தேவாலயச் சுவரை ஒட்டி அவருடைய கல்லறை, அருகிலேயே எலிசபெத். சில வருடங்களுக்கு முன்பு இந்தப் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வரும், கிராமமே போய்விடும் என்ற நிலை இருந்தது. நல்லவேளையாக அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

1869இல் 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர் நீட்சே. டாக்டர் பட்டம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை. பத்து ஆண்டுகளில் தலைவலியும் கண்வலியும் தாங்காமல் பதவியை விட்டார். சிறு ஓய்வூதியத்தோடு ஸில்ஸ் மரியா, ஜெனோவா, நீஸ், டூரின் என்று வாடகை அறைகளில் அலைந்தார். பெரிய நூல்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ‘ஜராதுஷ்டிரா’ என்ற தன் நூலின் நான்காம் பகுதியைப் பதிப்பிக்க ஆள் கிடைக்காமல் சொந்தச் செலவில் 40 பிரதிகள் அச்சிட்டார்.

‘கடவுள் இறந்துவிட்டார்’ என்ற வரியை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். 1882இல் வந்த ‘மகிழ்ச்சியான அறிவியல்’ நூலில் அது வரும் இடத்தைப் படித்தால் அதில் வெற்றிக்களிப்பு இருக்காது. பட்டப்பகலில் விளக்கோடு சந்தைக்கு வரும் பித்தன், நம்பிக்கை இல்லாதவர்களைப் பார்த்துத்தான் கத்துகிறான். நாம் எல்லோரும் சேர்ந்து கொன்றோம், அதன் பொருள் இன்னும் உங்களுக்கு எட்டவில்லை என்கிறான். அறம், உண்மை, நோக்கம் எல்லாம் அந்த ஒரு தூணில் சாய்ந்து நின்றவை. தூணை எடுத்த பிறகு எதன்மேல் வாழப்போகிறீர்கள் என்பதுதான் அவன் கேள்வி. போதகர் வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வி. இந்தக் கிராமத்தில் நின்று அதைப் படிக்கும்போது அதன் வலி தெரிகிறது.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் கேட்டான். “மாமா, நீங்க சொல்றவங்க யாருமே வேலையில நிலைக்கலையே, ஏன்?”

“சில பேருக்கு வேலை கொடுக்கலடா. சில பேர் தாங்களே விட்டாங்க.”

“வேலை கொடுத்திருந்தா இதை எழுதியிருப்பாங்களா?”

அதை யோசித்துக்கொண்டேதான் ரயில் ஏறினேன்.

வெள்ளி, பெர்லின்

ஹாலே வழியாக வந்தேன், இறங்கவில்லை. அங்குள்ள ஃப்ராங்கே நிறுவனத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அதற்குத் தனியாக ஒருமுறை வர வேண்டும்.

உன்டர் டென் லின்டன் சாலை, ஹும்போல்ட் பல்கலைக்கழக முதன்மைக் கட்டடம். 1810இல் தொடங்கிய பல்கலைக்கழகம். உள்ளே நுழைந்ததும் சிவப்புச் சலவைக்கல் சுவரில் பொன்னெழுத்து வரி: ‘தத்துவவாதிகள் உலகைப் பல விதமாக விளக்க மட்டுமே செய்திருக்கிறார்கள், ஆனால் அதை மாற்றுவதே முக்கியம்.’ ஹெகலின் சீடர்களில் ஒருவரான ஃபாயர்பாக் பற்றி மார்க்ஸ் 1845இல் எழுதிய குறிப்புகளில் பதினொன்றாவது. மார்க்ஸ் இறந்த பிறகு 1888இல்தான் அவருடைய தோழர் எங்கெல்ஸ் அவற்றை அச்சில் கொண்டுவந்தார். கிழக்கு ஜெர்மனி அரசு 1953இல் இங்கே பொறித்தது. தான் பாடம் சொல்ல இடம் கிடைக்காத நாட்டின் பல்கலைக்கழக வாசலில் மார்க்ஸின் வரி நிற்கிறது.

ஹெகல் 1818இல் இங்கே வந்தார். சட்டத்தின் தத்துவம் பற்றிய நூலின் முன்னுரையில், ரோமானிய ஞான தேவதை மினர்வாவின் ஆந்தை அந்தி சாய்ந்த பிறகே சிறகை விரிக்கிறது என்றார். ஒரு காலம் முடிந்த பிறகுதான் தத்துவத்துக்கு அதைப் புரிந்துகொள்ள முடியும் என்பது பொருள். மார்க்ஸின் பதினொன்றாவது குறிப்பு அந்த ஆந்தைக்குச் சொன்ன பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாலையில் எஸ்-பான் என்ற நகர ரயிலில் ட்ரெப்டோவர் பார்க் போய், பாலத்தைத் தாண்டி ஸ்ட்ராலாவுக்கு நடந்தேன். 1837 கோடையில் உடம்பு சரியில்லாமல் மருத்துவர் சொன்னதன்பேரில் மார்க்ஸ் வந்து தங்கிய மீனவர் கிராமம். வயது பத்தொன்பது. அந்த நாட்களில் ஹெகலை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டதாக அப்பாவுக்கு எழுதினார். ஆற்றங்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. இன்று சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், படகுகள்.

சனி, பெர்லின்

காலையில் டொரோதீன்ஸ்டாட் கல்லறைத் தோட்டம். ஃபிக்டேயும் ஹெகலும் அருகருகே, மனைவியரோடு. அப்படிப் புதைக்க வேண்டும் என்பது ஹெகலின் விருப்பம். 1814இல் போர்க் காய்ச்சலில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்ட மனைவி யோஹன்னாவிடமிருந்து தொற்றி ஃபிக்டே இறந்தார். அவர் மனைவி பிழைத்தார்.

இன்றைக்கு நான் எழுத விரும்புவது 1841 நவம்பர் 15ஐப் பற்றி. ஹெகல் இறந்து பத்து ஆண்டு. அவருடைய இளம் சீடர்கள் கட்டுக்கு அடங்காமல் போய்விட்டார்கள். 1835இல் டேவிட் ஸ்ட்ராஸ், நற்செய்திக் கதைகளைத் தொன்மங்களாகப் படித்து ‘இயேசுவின் வாழ்க்கை’ எழுதினார், வேலை போனது. ஃபாயர்பாக் 1830இலேயே ஆன்மாவின் அழியாமையை மறுத்துப் பெயரில்லாமல் எழுதி, பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டவர். மனைவி வீட்டாரின் பீங்கான் தொழிற்சாலை இருந்த புருக்பெர்க் கிராமத்தில் உட்கார்ந்து, 1841இல் ‘கிறித்துவத்தின் சாரம்’ வெளியிட்டார். மனிதன் தன் சிறந்த குணங்களையெல்லாம் தன்னிடமிருந்து கழற்றி வானத்தில் வைத்து, அதற்குக் கடவுள் என்று பெயரிட்டு வணங்குகிறான் என்றார். புதிய மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்கு இது பொறுக்கவில்லை. ஹெகலின் செல்வாக்கை அழிக்க, முதுமையில் இருந்த ஷெல்லிங்கை வரவழைத்தார். ஜெனாவில் 23 வயதில் நின்ற அதே ஷெல்லிங்.

அந்த அரங்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள் பாருங்கள். ராணுவப் பயிற்சிக்கு வந்திருந்த எங்கெல்ஸ். பின்னாளில் அராஜகவாதியான, ரஷ்யாவிலிருந்து வந்த பக்கூனின். வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட். மணம் பேசிய ரெகினேவை விட்டுப் பிரிந்து, மனம் நொறுங்கி, கோபன்ஹேகனிலிருந்து வந்த கீர்க்கேகார்ட், இருத்தலியலின் முன்னோடி. பொதுவுடைமை, அராஜகவாதம், இருத்தலியல் மூன்றும் ஒரே பெஞ்சு வரிசைகளில் உட்கார்ந்து ஒரே கிழவரைக் கேட்டன. கீர்க்கேகார்ட் முதலில் துள்ளினார். ‘யதார்த்தம்’ என்ற சொல்லை ஷெல்லிங் உச்சரித்தபோது உள்ளே ஏதோ குதித்தது என்று குறித்துவைத்தார். பிப்ரவரியில், ஷெல்லிங் தாங்க முடியாத அளவுக்கு உளறுகிறார் என்று அண்ணனுக்கு எழுதினார். மார்ச்சில் ஊர் திரும்பிவிட்டார்.

அதே 1842 மார்ச்சில், ஹெகலின் இன்னொரு சீடரான புரூனோ பவரின் பாடம் நடத்தும் உரிமையை பான் பல்கலைக்கழகத்தில் பறித்தார்கள். அவர் துணையில் அங்கே வேலைக்குச் சேர நினைத்திருந்த மார்க்ஸ், பத்திரிகைக்குப் போனார். கொலோனில் ‘ரைனிஷே ஸைட்டுங்’. விறகு பொறுக்கும் ஏழைகளைத் திருடர்களாக்கும் சட்டத்தைப் பற்றி அங்கே எழுதும்போதுதான் பொருளாதாரம் தெரியாமல் எதையும் பேச முடியாது என்பது அவருக்கு உறைத்தது. அக்கா மகன் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். பானில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் விறகுச் சட்டம் அவர் மேசைக்கு வந்திருக்காது.

ஞாயிறு, ரயிலில்

ஹாம்பர்க் வழியாகக் கோபன்ஹேகன். நாள் முழுக்கப் பயணம். ஜெர்மனிக்கு வெளியேயும் இதே கதைதான். பாரிஸில் நேர்க்காட்சிவாதத்தை, அதாவது அறிவியல் முறையில் அறியக்கூடியதே அறிவு என்ற கொள்கையை, உருவாக்கிய கோம்ட் பேராசிரியர் பதவிக்குத் திரும்பத் திரும்ப முயன்று தோற்றவர். லண்டனில் தத்துவவாதி ஸ்பென்சர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்ததில்லை. அதிகப் பேருக்கு அதிக நன்மை தருவதே அறம் என்னும் பயன்பாட்டுவாதத்தை வளர்த்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்து வேலையில் இருந்தார். நம்மை ஆண்ட கடிதங்களை வரைந்துகொண்டே ‘தருக்கவியல்’ எழுதினார். சுதந்திரம் பற்றிய அவருடைய நூல் 1859இல் வந்தது. ஆனால் பின்தங்கியவர்கள் என்று அவர் கருதிய மக்களுக்கு அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதினார். அதை நாம் மறக்கக் கூடாது. 1880களில் சென்னையிலிருந்து ‘தத்துவ விவேசினி’ என்ற இதழ் நாத்திகக் கருத்துகளைத் தமிழில் எழுதியது. அதை நடத்தியவர்களும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அல்லர்.

கிரேட் பெல்ட் பாலத்தில் இருபுறமும் கடல்.

திங்கள், கோபன்ஹேகன்

நீடோர்வ் சதுக்கத்தில் நகர நீதிமன்றத்தின் பக்கத்தில் கீர்க்கேகார்ட் வீடு இருந்தது. 1908இல் இடித்துவிட்டார்கள், இப்போது வங்கிக் கட்டடம். 1813 மே 5 பிறப்பு. மார்க்ஸ் பிறந்ததும் மே 5தான், ஐந்து ஆண்டு கழித்து.

அவருடைய ஆய்வேட்டை லத்தீனில் எழுதியிருக்க வேண்டும். டேனிஷில் எழுத அனுமதி கேட்டு மன்னருக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது. ஆனாலும் 1841 செப்டம்பரில் வாய்மொழித் தேர்வு லத்தீனில்தான் நடந்தது. பட்டம் வாங்கியவர் பதவிக்குப் போகவில்லை. அப்பாவின் கம்பளி வியாபாரச் சொத்தில் வாழ்ந்து, புனைபெயர்களில் எழுதினார். 1843இல் ‘இது அல்லது அது’, அதே ஆண்டு ‘அச்சமும் நடுக்கமும்’. புனைபெயர் ஒளிந்துகொள்வதற்கு அல்ல. ஒவ்வொரு பெயரும் ஒரு வாழ்க்கை முறை. அழகை மட்டும் தேடி வாழ்பவன் ஒரு குரலில் பேசுவான், கடமையை ஏற்றவன் இன்னொரு குரலில். எது சரி என்று ஆசிரியர் சொல்லமாட்டார். தேர்ந்தெடுக்க வேண்டியது படிக்கிறவர்.

ஹெகல் மீது அவருடைய குற்றச்சாட்டு எளிமையானது. பிரம்மாண்டமான மாளிகையைக் கட்டிவிட்டு, கட்டியவர் பக்கத்துக் கொட்டகையில் வாழ்கிறார். உலக வரலாறு முழுவதற்கும் இடம் இருக்கும் அமைப்பில், நாளை காலை நான் என்ன செய்வது என்பதற்கு இடம் இல்லை. மனிதன் முன்னோக்கி வாழவேண்டியவன். அமைப்போ எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது. மார்க்ஸ் உலகத்தின் பக்கம் திரும்பி ஹெகலை விட்டு வெளியேறினார், இவர் தனி மனிதனின் பக்கம் திரும்பி வெளியேறினார். எனக்கு இரண்டும் வேண்டும்.

அன்றைய மன்னர் எட்டாம் கிறிஸ்டியன் இவரை அழைத்துப் பேசியிருக்கிறார். டென்மார்க்கின் கையில் இருந்த தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றவரும் அவர்தான். 1840இல் டென்மார்க்கின் அரச அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டவர் ஒரே ஒருவர், ஷோப்பன்ஹவர். பெரிய தத்துவவாதிகளை மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார்கள்.

அஸிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், புல்லில் படுத்துப் படிக்கிறார்கள். கீர்க்கேகார்ட் குடும்பக் கல்லறை ஒரு மூலையில். 1855 அக்டோபரில் தெருவில் விழுந்தார், நவம்பர் 11 அன்று மருத்துவமனையில் இறந்தார். வயது 42. கடைசி மாதங்களில் அரசுத் திருச்சபையைத் தாக்கிச் சொந்தமாக ஒரு இதழ் நடத்தினார். மரணப் படுக்கையில் போதகர் கையால் நற்கருணை வாங்க மறுத்தார். இருந்தும் திருச்சபை தன் முறைப்படியே அடக்கம் செய்தது. அவருடைய அக்கா மகன் லுன்ட் கல்லறையருகிலேயே எழுந்து எதிர்த்துப் பேசினார், அதற்காக அபராதம் கட்டினார்.

கடைசியாக, பல்கலைக்கழகம். 1888 வசந்தத்தில் டேனிஷ் விமர்சகர் கேயோர்க் பிராண்டெஸ் இங்கே நீட்சேயைப் பற்றித் தொடர் உரை நிகழ்த்தினார். நீட்சேயின் சொந்த நாட்டில் யாரும் கண்டுகொள்ளாத நேரம். 300 பேருக்கு மேல் கூடினார்கள். பிராண்டெஸ் யூதர், நாத்திகர் என்பதால் இதே பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்திருந்தது. கீர்க்கேகார்டைப் பற்றி 1877இலேயே நூல் எழுதியவர் அவர். கீர்க்கேகார்டைப் படியுங்கள் என்று நீட்சேக்கு எழுதினார். அடுத்த ஜெர்மனிப் பயணத்தில் அதைப் படிப்பதாக நீட்சே பதில் எழுதினார். அதற்கு நேரம் இருக்கவில்லை. 1889 ஜனவரி தொடக்கத்தில் டூரினில் அவர் மனம் உடைந்தது. அந்த நாட்களில் பிராண்டெஸுக்கு வந்த சீட்டில், ‘நீ என்னைக் கண்டுபிடித்த பிறகு என்னைக் காண்பது பெரிய காரியமில்லை, என்னைத் தொலைப்பதுதான் இனிக் கடினம்’ என்று இருந்தது.

நாளை காலை விமானம். இவர்களைப் படிக்கத் தொடங்க நினைப்பவர்கள் தடித்த நூல்களுக்குப் போக வேண்டாம். ஃபாயர்பாக் பற்றிய மார்க்ஸின் குறிப்புகள் சில பக்கங்கள்தான். அடுத்து ‘அச்சமும் நடுக்கமும்’. அதில் பைபிளின் ஆபிரகாம், மகனைப் பலியிட மலைக்கு அழைத்துப் போகும் பயணத்தை ஆசிரியர் நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்கும் தொடக்கப் பகுதியை மட்டுமாவது சத்தமாக வாசியுங்கள். ஹெகலை, ஆண்டான் அடிமைப் பகுதியோடு, அதன்பின் எடுக்கலாம்.